கோளாறு எங்கே?

"நெட் போச்சு!" என்னும் இவ்விரு சொற்களை ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம்! விடுதி அறையில், நூலக வாயிலில், சான்றிதழுக்காகக் காத்து நிற்கும் வரிசையில் என எங்கும் இவை ஒலிக்கின்றன. மழை வந்துவிட்டது, பேருந்து வரவில்லை என்று சொல்வது போல இதையும் சொல்லிவிட்டு, நம் கைக்கு அப்பாற்பட்ட ஒன்று நடந்துவிட்டதாக எண்ணி அமைதி அடைகிறோம். அந்த அமைதியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கோளாறு காண்பது ஒரு கல்வி. அக்கல்வியை நம் கல்லூரி நமக்குத் தர வேண்டும் என்பதே என் கருத்து. இக்கருத்து எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. பட்டுத் தெளிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மூன்றாண்டுகள் பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்த மடிக்கணினி அது. சென்ற ஆண்டு ஒரு வேலைக்கான நேர்காணல் இணையவழியே நடந்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்று சன்னல் ஓரமாக மேசையை நகர்த்தி அமர்ந்தேன். இருபது நிமிடத்திற்குள் மூன்று முறை இணைப்பு அறுந்தது. மூன்றாம் முறை மீண்டும் நுழைந்தபோது, "உங்கள் இணைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் "பிறகு" இன்றுவரை வரவில்லை.

பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு சென்றேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் திறந்து பார்த்தார். "தம்பி, போர்டு போயிடுச்சு. வைஃபை அதுலயே ஒட்டி வருது. மாத்தினா ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். வீட்டில் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கம்மலை வச்சிட்டு மாத்திக்கடா. படிக்கிற பிள்ளைக்கு அது இல்லாம ஆகுமா?" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்றாண்டுகளாக இயற்பியல் படிக்கிறேன். மின்காந்த அலைகளைப் பற்றிப் பதினாறு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியிருக்கிறேன். என் மேசை மேல் இருக்கும் அலை ஏன் அறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக அம்மாவின் காதுக் கம்மல் அடகுக் கடைக்குப் போகவேண்டுமா?

நிற்க. இந்த வைஃபை என்பதுதான் என்ன? அதுவும் வானொலி அலையே. 1887, 1888 ஆம் ஆண்டுகளில் செர்மனியில் ஹெர்ட்ஸ் சோதனைக் கூடத்தில் உண்டாக்கிக் காட்டிய அதே வகை அலை. 1895 இல் சகதீச சந்திர போசு கல்கத்தாவில், மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளைக் கொண்டு கம்பியின்றித் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தார். இன்று நம் வீடுகளில் உள்ள ரூட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் முதலாவதன் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் என வரும். நம் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. இரண்டாவது அதில் ஏறத்தாழப் பாதி. வேகம் மிகுதி, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி. 2.4 பகுதியை உரிமம் இன்றி எவரும் பயன்படுத்தலாம் என 2005 இல் இந்திய அரசு விதி வகுத்தது. அதனால்தான் நாம் யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டில் ரூட்டர் வைத்துக்கொள்கிறோம். பொதுச் சத்திரம் போன்ற இடம் அது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில்தான் சோற்றைச் சூடாக்குகிறது. சத்திரத்தில் இரைச்சல் இருக்கத்தானே செய்யும்?

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். இணைப்பு அறுந்த நேரம், நான் அமர்ந்திருந்த இடம், சார்ஜர் செருகியிருந்ததா, வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என நான்கு கட்டங்கள். ஆய்வுக்கூடத்தில் ஊசல் ஆடும் நேரத்தைக் குறிக்கிறோமே, அதே முறைதான்.

அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. அறுவது எந்த இடத்தில்? மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவிலா, ரூட்டருக்கும் வெளி உலகுக்கும் நடுவிலா? "நெட்டே சரியில்லடா" என்று அண்ணன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கைப்பேசியில் பார்த்தால் எல்லாம் ஓடியது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. வைஃபை தடுமாறினால் கைப்பேசி ஓசையின்றி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்; நாமோ வைஃபை நன்றாக இருப்பதாக நம்பிவிடுவோம். ஆகவே டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதித்தேன். அப்போதும் ஓடியது. மடிக்கணினியிலிருந்து ரூட்டரின் முகவரியான 192.168.1.1 க்கு இடைவிடாமல் "பிங்" அனுப்பும்படி விட்டேன். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பது, "இருக்கிறேன்" என்று பதில் வர வேண்டும். (எல்லா ரூட்டருக்கும் இதே முகவரி அன்று, ஐபிகான்ஃபிக் என்ற கட்டளை உங்கள் வீட்டு முகவரியைச் சொல்லும்.) இணைப்பு அறுந்தபோதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் ரூட்டரே பதில் சொல்லவில்லை. எனவே தெருவில் வரும் கம்பியின் மீது பழி போட இடமில்லை. அண்ணனின் கட்சி அன்றே தோற்றது.

மூன்று நாளில் 31 முறை அறுந்திருந்தது. நோட்டைப் புரட்டியபோது என் கண்களையே நம்ப முடியவில்லை. அவற்றுள் 26 முறை சார்ஜர் செருகாத வேளையில்! நேர்காணல் அன்று சன்னல் ஓரம் போனேனே, அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கணினி தன் வைஃபை அட்டையை அவ்வப்போது உறங்க வைக்கிறது. உறங்கிய அட்டை சில வேளைகளில் ஒழுங்காக விழிப்பதில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் சென்று, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பின்கீழ் வைஃபை அட்டையைத் தேர்ந்து, அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்னும் வரிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டேன். புதிய கணினிகள் சிலவற்றில் அப்பக்கம் தென்படாது. மின்திட்ட அமைப்பிலும் வைஃபைக்கான சேமிப்பு அளவு தனியே இருந்தது, அதையும் மாற்றினேன். செலவு ஒரு காசும் இல்லை. பேட்டரி சற்று முன்னதாகத் தீரும், அவ்வளவே.

அடுத்த மூன்று நாளில் ஐந்தே முறை அறுந்தது. ஐந்தும் இரவு எட்டு மணிக்கு மேல், சார்ஜர் செருகியிருந்த வேளையில். இங்கேதான் நான் சறுக்கினேன். இரவில் தெருவே வீட்டில் இருக்கும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் மோதுகின்றன என்று முடிவு கட்டினேன். முடிவு அழகாகத்தான் இருந்தது. 2.4 பகுதியில் இந்தியாவில் 13 தடங்கள் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் அகலமானது என்பதால் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. கைப்பேசிச் செயலி ஒன்றில் பார்த்தால் எங்கள் ரூட்டரோடு இன்னும் நான்கு ரூட்டர்கள் 6 ஆம் தடத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எங்களுடையதை 11 க்கு மாற்றினேன். இரும்பு பீரோவின் தலைமேல் ஒளிந்திருந்த ரூட்டரை இறக்கிச் சுவரில் மாட்டினேன். வேகம் கூடியது உண்மை. இரவில் அறுவது மட்டும் நிற்கவில்லை.

நோட்டின் நான்காம் கட்டத்தில், "வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது" என்பதற்கு எதிரே, "ஒன்றுமில்லை" என்றே எழுதி வந்திருந்தேன். அது பொய். அண்ணன் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவன். இரவு வந்ததும் தன் ஹார்டு டிஸ்கை என் மடிக்கணினியில் செருகிக் கல்யாண வீடியோக்களைப் படி எடுப்பான். தினமும் நடப்பதால் அது என் கண்ணில் படவே இல்லை! யுஎஸ்பி 3.0 வழியாகத் தரவு பாயும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் படர்கிறது. அருகில் உள்ள கம்பியில்லாக் கருவிகளின் காதை அது அடைக்கிறது. இதை 2012 இலேயே இன்டெல் நிறுவனம் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. இரண்டு சுவர் தாண்டி மெலிந்து வரும் ரூட்டரின் குரல், காதருகே நடக்கும் அந்தக் கூச்சலில் அமுங்கிப் போனது. தள்ளி இருந்த கைப்பேசிக்குக் கூச்சல் கேட்கவில்லை. ஹார்டு டிஸ்கை மறுபக்கத்தில் இருந்த பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகச் சொன்னேன். படி எடுக்க நேரம் கூடுதலாகிறது என்று அண்ணன் இன்றும் முணுமுணுக்கிறான். இணைப்பு அறவில்லை. போர்டு மாற்றவில்லை. கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

கடைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் எழுத வரவில்லை. சற்றே அவர் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். ஒருநாளில் பதினைந்து கணினிகள் அவர் மேசைக்கு வருகின்றன. ஒரு கணினியின் அருகில் ஒன்பது நாள் அமர்ந்து நோட்டில் எழுத அவரால் ஆகுமா? எழுதினாலும் அதற்குக் கூலி தருவோமா? பாகத்தை மாற்றினால் பணம் தருவோம், பொறுமைக்குத் தரமாட்டோம். மேலும் என் வீட்டுச் சுவரும் பீரோவும் அண்ணனின் ஹார்டு டிஸ்கும் அவர் கடையில் இல்லை. அங்கே கோளாறு தன் முகத்தைக் காட்டவே காட்டாது. கோளாறு வாழும் இடத்தில் வாழ்பவன்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

எடுத்த எடுப்பில் "ஃபார்மேட் போடு" என்னும் அறிவுரையைப் பற்றியும் ஒரு சொல். என் வகுப்புத் தோழன் ஒருவன் இதே கோளாறுக்கு அப்படிச் செய்து, இறுதியாண்டு ஆய்வேடு முழுவதையும் இழந்தான். ஃபார்மேட் போடுபவர்கள் ஒரே நேரத்தில் நூறு பொருளை மாற்றுகிறார்கள். சரியாகிவிட்டால்கூட எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. மறுபடி வந்தால் மறுபடியும் இருட்டுதான். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியபின் காத்திரு, எண்ணு. இதை நமக்கு முதலாண்டு ஆய்வுக்கூடத்திலேயே சொல்லித் தந்தார்கள். ஆய்வுக்கூடக் கதவைத் தாண்டியதும் அதை ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்?

பாகமே பழுதாகும் நேரமும் உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலான மடிக்கணினிகளில் அலைவாங்கி திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் இருக்கும். அதன் மெல்லிய கம்பி கீல் வழியே அடிப்பகுதிக்கு வருகிறது. ஆயிரம் முறை திறந்து மூடினால் கம்பி நைந்துபோகலாம். மூடியை மெல்ல அசைத்துக்கொண்டே சமிக்ஞையின் அளவைக் கவனித்தால் அது தெரிந்துவிடும். அப்போதும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று போதுமானதாக இருக்கலாம். ஏழாயிரத்து ஐந்நூறு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

"நாங்கள் வரலாறு படிப்பவர்கள், தமிழ் படிப்பவர்கள், இது எங்கள் பாடமா?" என நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். என் நோட்டில் இருந்தவை நான்கு கட்டங்கள். அதில் அறிவியல் கால் பங்கு. மீதி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது. கல்வெட்டைப் படிப்பவரும் சுவடியை ஒப்பிடுபவரும் அதைத்தானே செய்கிறார்கள்? "ஒன்றுமில்லை" என்று நான் எழுதிய பொய்யை ஒரு வரலாற்று மாணவர் என்னைவிட முன்னதாகக் கண்டுபிடித்திருப்பார். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வு முடிவு பார்ப்பதும், வேலை தேடுவதும் இணையவழியே ஆகிவிட்ட நாளில், இணைப்பு அறுந்தால் இழப்பு எல்லாத் துறையினருக்கும் ஒன்றே. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது புதுக் கணினி வாங்க ஒரு சாக்கு. நம் கல்லூரிக்கு வருபவர்களின் வீட்டில் அது ஒரு மாத மளிகைக் கடன்.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. வாரம் ஒருநாள் மாலையில் ஒரு மணி நேரம், இயற்பியல் துறையில் ஒரு மேசை. கோளாறான கருவியோடு யாரும் வரலாம். நாங்கள் சரிசெய்து கொடுக்க மாட்டோம். உடன் அமர்ந்து நோட்டில் கோடு போடக் கற்றுத்தருவோம். துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஐயா படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வைப்பறையில் கிடக்கும் பழைய மேசையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு கால் ஆடுகிறது. புதன்கிழமைக்குள் ஆணி அடித்துவிடுவோம்.