பச்சிளம் குழந்தையும் படப்பிடிப்பும்



பிறந்து பத்து நாள்கூட நிறையாத பிள்ளையைக் கூடையிலும் பூக்களுக்கிடையிலும் கிடத்திப் படமெடுக்கும் வழக்கம் இப்போது நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ் என்னும் பெண்மணி, குழந்தைகளைப் பூவாகவும் காயாகவும் அலங்கரித்து 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட படநூல் இவ்வாசைக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. உருவப்படம் எடுப்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இப்பகுதியின் பொருளன்று. எடுப்பதென்று முடிவு செய்துவிட்ட தாய்மார்களுக்கே இதனை எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். பிள்ளையின் அத்தா ரியாத்தில் இருக்கிறார்; ஆறு மாதம் கழித்துத்தான் விடுப்பு. அவருக்கு அனுப்புவதற்காகப் படக்காரர்கள் இருவர் வந்தனர். பிள்ளை உறங்கவில்லை. ஒரு மணி நேரம் சென்றதும் வீட்டார் பொறுமையிழந்தனர். "சளி மருந்தில் இரண்டு சொட்டுக் கொடுத்தால் உறங்கிவிடுமே" என்றார் ஒரு நன்னிமா. நல்ல வேளையாக யாரும் கொடுக்கவில்லை. உறங்க வைப்பதற்காகப் பச்சிளம் குழந்தைக்கு மருந்து கொடுத்தால் மூச்சுக்கே ஆபத்து நேரலாம்.

பின்னர், முகவாயை உள்ளங்கைகளில் தாங்கியிருப்பது போல் பிள்ளையை அமர்த்தி, பிடித்திருந்த தம் கையை ஒரு நொடி விலக்கினார் படக்காரர். தலை முன்னே சாய்ந்து மெத்தையில் விழுந்தது. மெத்தையாதலால் அடிபடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். "தம்பி, போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தோற்றத்தில் எந்தக் குழந்தையும் தானாக இருப்பதில்லை. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அது இயலாது. தேர்ந்த படக்காரர் இரண்டு படங்கள் எடுப்பார். ஒன்றில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார்; மற்றொன்றில் மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். பிறகு கணினியில் இரண்டையும் இணைத்து, பிடித்த கைகளை நீக்கிவிடுவார். ஆகவே முன்பணம் கொடுக்குமுன், "இந்தப் படத்தை எப்படி எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "பிள்ளை அப்படியே இருக்கும்" என்பாராயின் வேறு ஆளைப் பாருங்கள்.

பொதுவாகப் பிறந்த 5 முதல் 14 நாட்களுக்குள் எடுப்பார்கள். அப்போது பிள்ளை மிகுதியாக உறங்கும். சுருண்டு கிடக்கும் வாகும் மாறியிராது. குறைமாதப் பிள்ளையாயினும், மஞ்சள் காமாலை இருப்பினும் மருத்துவரைக் கேட்ட பின்னரே நாள் குறிக்க வேண்டும். உடற்சூடு 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் படத்தை மறந்து மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அன்று உடை மாற்றிய பின் வயிறு நிறையப் பாலூட்டி, ஏப்பம் வரச் செய்து, தோளிலேயே உறங்க விடுங்கள். கீழே கிடத்தும்போது முதலில் கால், பின்னர் முதுகு, இறுதியில் தலை என மெல்ல இறக்கினால் திடுக்கிடாது. இடையில் எத்தனை முறை பால் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும், படக்காரர் காத்திருக்கட்டும். மேனாடுகளில் அறையைச் சூடேற்றுவார்கள். நம் சித்திரை வெயிலில் மின்விசிறியின் நேர்க்காற்றைத் தவிர்த்தாலே போதும். பிடரியில் வியர்த்தால் சூடு மிகுதி என்று பொருள். துணியில் சுற்றும்போது கால்களை நீட்டி இறுக்கலாகாது. இடுப்பு மூட்டுக்குக் கேடு. கைவிரல்களோ கால்விரல்களோ நீலம் பாரித்தால் உடனே அந்நிலையை மாற்றுங்கள். குப்புறக் கிடத்திப் படமெடுத்தாலும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; முடிந்ததும் மல்லாத்திவிடுங்கள்.

படத்துக்கென்று கண்ணில் சுர்மா இடாதீர்கள். பல சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பிள்ளையைத் தொடுபவர் யாராயினும் சோப்பிட்டுக் கை கழுவட்டும். இருமலுள்ளவர் அன்றைக்கு வரவே வேண்டாம்.

ஏழாம் நாள் அகீகாவும் முடியிறக்கமும் வைத்திருப்போர், முடியுடன் படம் வேண்டுமாயின் ஐந்தாம் அல்லது ஆறாம் நாளே எடுத்துவிடலாம். முடியிறக்கிய அன்றே எடுக்க வேண்டாம், பிள்ளை அலுத்திருக்கும்.

எங்கள் பிள்ளையின் படம் மறுநாள் எடுக்கப்பட்டது. சன்னலோரக் கட்டிலில், உம்மாவின் பழைய வாயில் சேலை மீது, கொட்டாவி விட்டபடி கிடந்தது. ரியாத்துக்குப் போனது அதுதான்.