காதை நம்பிய பேராசிரியர்

1956-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் அமர் போஸ் ஒரு ஸ்டீரியோ வாங்கினார். விவரத்தாளில் எல்லா அளவும் பிரமாதம். வீட்டில் போட்டால் வயலின் வயலினாகவே இல்லை. சிறு வயதில் வயலின் படித்தவர், ரேடியோ ரிப்பேர் பார்த்துக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். தாளா, காதா என்றபோது அவர் காதை நம்பினார்.

இசை அரங்கில் நம்மை வந்தடையும் ஒலியில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது என்று அவருடைய அளவீடுகள் காட்டின. 1964-ல் போஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 22 சிறு டிரைவர்களை அடுக்கி, அறை மூலையில் வைக்கச் செய்த முதல் ஸ்பீக்கர் விலைபோகவில்லை. 1968-ல் வந்த 901 என்ற ஸ்பீக்கர்தான் பெயர் வாங்கித் தந்தது: ஒன்பது டிரைவரில் எட்டு பின்சுவரைப் பார்த்திருக்கும், ஒன்றுதான் நம்மைப் பார்க்கும். நிறுவனம் வளர்ந்த பிறகும் 2001 வரை அவர் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்துவதை விடவில்லை.

அந்த ஸ்பீக்கர் வடிவத்தை நம் ஊர் மண்டபங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திரும்பி வரும் ஒலி இசைக்கு நிறைவு தரும், பேச்சைக் குழப்பிவிடும். நெல்லை, பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபங்களை எண்ணிப் பாருங்கள். வெறும் கான்கிரீட், டைல்ஸ் தரை, உயரக் கூரை. வாழ்த்துரை விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் ஆம்பைக் கூட்டுகிறோம், இன்னும் இரண்டு பாக்ஸ் ஏற்றுகிறோம். முழக்கம்தான் கூடுகிறது. பாக்ஸைத் தாழ இறக்கி ஆட்கள் பக்கம் திருப்பினாலே பாதி சரியாகும். மீதிக்குச் சுவரில் திரைத்துணி வேண்டும்.

நெல்லை ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி நெடுகக் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளின் கதை வேறு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சொல், பக்கத்துக் குழாயின் சொல்லுக்குக் கிட்டத்தட்ட 0.3 நொடி பிந்தி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. காணாமல் போன குழந்தையின் பெயரை அறிவிக்கும்போது இது சின்ன விஷயமில்லை. ஒரே பெரிய குழாயை அலறவிடுவதைவிட, குறைந்த சத்தத்தில் நெருக்கமாகப் பல குழாய்கள் வைப்பது நல்லது. கூட்டம் ஒரு திசையில் நிற்கும் இடமானால், தள்ளியிருக்கும் குழாய்களின் ஒலியைச் சற்றுப் பிந்தவிடும் டிலேயும் போடலாம்.

இதையெல்லாம் அளந்து சொல்ல நம்மிடம் ஆள் இல்லையா? திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் தனியார் கல்லூரிகள். இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க வயிறெரிகிறது. முழக்கம் எத்தனை நொடி நிற்கிறது என்று அளப்பதையே ப்ராஜெக்டாக எடுக்கலாம்; அதற்கு ஒரு மைக்கும் மடிக்கணினியும் போதும். நம் மைக்செட்காரர்கள் மண்டபச் சாவியை வாங்கித் தரட்டும், பேராசிரியர்கள் மாணவர்களோடு வரட்டும். அளந்த மண்டபங்களின் விவரத்தை, உரிமையாளர் சம்மதத்தோடு, இந்த இதழில் வெளியிடுவோம். முன்வரும் ஆசிரியர்கள் எங்களுக்கு எழுதுங்கள்.