கோடு போட்டா ரோடு ஆயிடுமா?

மேப்புல 'கடம்பூர்'னு தேடினா சில சமயம் நம்மளை சத்தியமங்கலம் மலைக்குக் கூட்டிட்டுப் போயிடும். அங்கயும் ஒரு கடம்பூர் இருக்குங்க. நான் சொல்றது கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவுல இருக்கிற, போளிக்குப் பேர்போன நம்ம கடம்பூர். (போளியைப் பத்தித் தனியா எழுதணும், இப்ப வேணாம்.)

ஊரைச் சுத்தி மேப்பு வெறுங்காடா கிடக்கேன்னு ரோசம் வந்துதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல கணக்குத் தொடங்கினேன். 2004-ல இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்சது. விக்கிபீடியா மாதிரி யார் வேணா திருத்தலாம். கூகுளும் மேப் மேக்கர்னு ஒண்ணை 2008-ல கொண்டுவந்து 2017-ல மூடிட்டாங்க. இது இன்னும் ஓடுது.

ஆரம்பிக்கிறது ரொம்ப சுலபம். 'எடிட்'டை அமுக்கினா பிரவுசர்லயே ஐடி-ங்கிற எடிட்டர் திறக்கும். பின்னால சாட்டிலைட் படம். 'லைன்' எடுத்து, பாதை மேல வரிசையா க்ளிக் பண்ணிட்டே போய், கடைசியில டபுள் க்ளிக். ரோடு ரெடி! ரெண்டு ரோடு சேர்ற இடத்துல ரெண்டுக்கும் பொதுவா ஒரு புள்ளி இருக்கணும். இல்லேன்னா பாக்கத்தான் ஒட்டியிருக்கும், வழி சொல்ற செயலிக்கு அது முட்டுச்சந்து. அப்புறம், கூகுள் மேப்பைப் பாத்துக் காப்பியடிக்கக் கூடாது. உரிமைச் சிக்கல்.

இவ்வளவு சுலபமா இருந்ததுதான் எனக்கு வினை. ஒரே வாரத்துல சுத்துப்பட்டு வண்டிப்பாதை எல்லாத்தையும் இழுத்துப் போட்டேன். வெயில் காலத்துல எடுத்த படம். கரிசல் நடுவுல வெள்ளையா கோடு தெரியுது, நானும் சாதா ரோடுன்னே குறிச்சு வச்சேன். வரைஞ்சதுல பாதியில நான் கால் வச்சதே இல்ல.

ஐப்பசியில சென்னைக்கார மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்தார். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், கோவில்பட்டிக்குக் கார்ல கிளம்பினாங்க. போன்ல இருந்த செயலி, குறுக்குவழின்னு நான் போட்ட கோட்டுல இறக்கி விட்டுடுச்சு. மழை பெஞ்ச கரிசல் தெரியும்ல? டயரைச் சுத்தி மண்ணு அப்பி, சக்கரமே சுத்தல. டிராக்டர் வச்சு இழுத்து வெளிய கொண்டுவர ரெண்டு மணி நேரம். பிள்ளை நல்லாத்தான் இருக்கான். ஆனா தங்கச்சி முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

தப்பு எங்கன்னா, அதை 'டிராக்'னு குறிச்சிருக்கணும். சர்ஃபேஸ்ல மண்ணுன்னு போட்டிருக்கணும். அப்படிப் போட்டிருந்தா பல செயலிகள் காரை அந்தப் பக்கம் அனுப்பாது. ரெண்டு க்ளிக் வேலை!

2010-ல ஹைட்டி பூகம்பத்தப்போ உலகம் பூரா ஆளுங்க வீட்டுல உக்காந்தே அந்த ஊரை வரைஞ்சு குடுத்தாங்க. பெரிய உதவிதான், மறுக்கல. ஆனா எந்தப் பாதை புரட்டாசி, ஐப்பசியில சேறாகும், எந்த ரயில்வே சுரங்கப்பாதையில தண்ணி நிக்கும்னு சாட்டிலைட்டுக்குத் தெரியாது. அது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, முதல் மாசம் புதுக்கோடே போடாதீங்க. உங்க ஊருல ஏற்கெனவே இருக்கிற ரோடுகளுக்குத் தாரா, சரளையா, மண்ணான்னு மட்டும் நிரப்புங்க. மேப்புல ஒண்ணும் பளிச்சுனு தெரியாது, பெருமையடிக்கவும் முடியாது. பரவாயில்ல.

ஓடைக்கு அந்தப் பக்கம் நான் போட்ட நாலஞ்சு கோடு இன்னும் ரோடாவே கிடக்கு. மழை விடுறதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடணும். பைக் வேணாம், நடந்துதான்.