ஊசிக்குப் பயந்தா கோழையா? போங்கய்யா!

போன வாரம் நண்பர் ஒருத்தர் தாடை வீங்கி, கன்னத்துல கைக்குட்டையை வச்சுக்கிட்டு ஆபீசுக்கு வந்தாரு. "ஏன்யா டாக்டர்கிட்ட காட்டலை?"ன்னு கேட்டா, "அந்த ஊசி..."ன்னு இழுத்தாரு. சுத்தி நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. "ரெண்டு புள்ளைக்கு அப்பன், ஊசிக்குப் பயமாம்!"

நான் சிரிக்கலை. நானும் அதே கட்சிதான்.

என் பயம் பிறவியில வந்தது இல்லைங்க. ஒரு பல் டாக்டர் குடுத்து அனுப்பினது. கடவாய்ப்பல் சொத்தைக்காகப் போயிருந்தேன். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு சரக்குன்னு இறக்கினாரு. எந்த ஊரு எறும்புய்யா அது? அடுத்த நிமிஷமே நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது. போச்சு, இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சுதுன்னே நெனச்சேன். மரத்துப்போறதுக்குள்ள மிஷினை வேற வச்சாரு. "வலிக்குது சார்"னேன். "மருந்து போட்டாச்சு, வலிக்காது. சும்மா பிரமை"ன்னாரு. பல்லு என்னுது, வலி என்னுது, அது பிரமைன்னு அவருக்குத் தெரியுமாம்!

பாதியில எந்திரிச்சு வந்தவன் மூணு வருஷம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை. ஒரு ஃபில்லிங்கோட போக வேண்டிய பல்லு, பிடுங்கறதுல முடிஞ்சுது. இதுல கோழை யாரு, குத்தம் யாரோடது? நீங்களே சொல்லுங்க.

பிடுங்கினது வேற ஒரு டாக்டரம்மா. அவங்க முதல்ல செஞ்ச வேலை, உக்கார வச்சுப் பேசினது. எனக்கு நெஞ்சு படபடத்தது பிரமையும் இல்லை, சாவும் இல்லை. மருந்து சீக்கிரம் கலைஞ்சு போகாம இருக்க லிக்னோகெயினோட கொஞ்சம் அட்ரினலின் சேர்ப்பாங்க. அதுதான் இதயத்தை ஓட விடும். சில நிமிஷத்துல அடங்கிடும். (ரத்த அழுத்தம், இதய நோய் இருக்கிறவங்க முன்னாடியே சொல்லிடணும்.) வலிச்சதும் பிரமை இல்லை. சீழ் பிடிச்சு வீங்கின இடத்துல அமிலத்தன்மை கூட இருக்கும். அங்க இந்த மருந்து சரியா வேலை செய்யாது. இதைச் சொல்ல அவங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு.

மரத்துப்போறதுக்கும் பயப்படுறவங்க உண்டு. உதடு இட்லி மாதிரி வீங்கின உணர்வு, முழுங்கவே முடியாதோன்னு ஒரு பீதி. கண்ணாடியில பாருங்க, உதடு உதடாத்தான் இருக்கும். எச்சில் முழுங்கிப் பாருங்க, இறங்கும். பெரும்பாலும் ரெண்டு மூணு மணி நேரத்துல, சில சமயம் இன்னும் கொஞ்சம் தாமதமா, உணர்வு திரும்பிடும். அதுவரைக்கும் சூடான காப்பியும் சாப்பாடும் வேணாம். உதட்டைக் கடிச்சாலும் தெரியாது. குழந்தைகள்னா கூடவே இருந்து பாத்துக்கணும்.

"நாப்பது பேர் வெளிய காத்திருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தாலாட்டா பாட முடியும்?"னு சில டாக்டர்கள் கேக்கலாம். தாலாட்டு வேணாம் சார். ஈறுல மரத்துப்போற ஜெல் தடவி ஒண்ணு ரெண்டு நிமிஷம் விடுங்க. ஒரு மில்லி மருந்தை ஒரு நிமிஷம் எடுத்து மெதுவா ஏத்துங்க. வேகமா ஏத்துறதுதான் பாதி வலி. மிஷினை வைக்கிறதுக்கு முன்னாடி மரத்துடுச்சான்னு தொட்டுப் பாத்துக் கேளுங்க. கை தூக்கினா நிறுத்துங்க. அழுத்தம் தெரியும், வலி தெரியக்கூடாதுன்னு உண்மையைச் சொல்லுங்க. எறும்புக் கதை எல்லாம் வேணாம்.

லிக்னோகெயின் 1943ல ஸ்வீடன்ல கண்டுபிடிச்சது. வலியில்லாம வைத்தியம் பாக்க மருந்து வந்து எண்பது வருஷத்துக்கு மேல ஆகியும், இன்னும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பல்லைக் காட்டணும்னா எப்படி?

நம்ம பங்குக்கும் ஒண்ணு உண்டு மக்களே. போன உடனே "எனக்கு ஊசின்னா பயம்"னு வாய் விட்டுச் சொல்லுங்க. வெக்கப்பட்டு மறைச்சா பல்லுதான் போகும். சிரிக்கிற டாக்டரா இருந்தா, எந்திரிச்சு வேற டாக்டர்கிட்ட போங்க. ஆனா மூணு வருஷம் கழிச்சு இல்ல, மறுநாளே!

நண்பரை நேத்து அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவை கை தூக்கினாராம், ரெண்டு தடவையும் நிறுத்தினாங்களாம். வெளிய வந்து கோணல் வாயால ஏதோ சொன்னாரு. ஒரு மண்ணும் புரியலை, ஆனா சிரிச்சாரு :-)