கண்ணாடி மங்குதா? விரலால் தேய்த்துப் பாருங்க!

மழை நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பிக்கப் ஓட்டுநர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. முன்கண்ணாடி திடீரென மங்கும். அடுத்த வளைவு தெரியாது. கையால் துடைத்தால் திட்டுத் திட்டாகி, எதிர்வண்டி வெளிச்சத்தில் கண் இன்னும் கூசும்.

உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள். தடம் விழுந்தால் ஈரம் கேபினுக்குள் இருக்கிறது. ரீசர்குலேஷனை அணைத்து, ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏ.சி. இல்லையா? இருபக்க ஜன்னலையும் ஓர் அங்குலம் இறக்குங்கள். தடம் விழாவிட்டால் ஈரம் வெளியே. வைப்பரைப் போட்டு, ஏ.சி. குளிரைக் குறையுங்கள்.

அடிக்கடி மங்கினால் காரணத்தைத் தேடுங்கள். கால் மேட்டுக்கு அடியில் ஈரமா? கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம், ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். இனிப்பு வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பும் இருந்தால், ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். கூலன்ட் குறைந்தால் மலை ஏறும்போதே இன்ஜின் கொதித்துவிடும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நனைந்த சாக்கு, ரெயின்கோட் எல்லாம் பின்னால் சரக்கோடு வரட்டும், சீட்டுக்கடியில் வேண்டாம்.