ஏட்டில் ஒரு பெயர், இல்லத்தில் ஒரு பெயர்

சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைத்துப் பிழைக்கும் தொழிலாளருக்கு, 1982ஆம் ஆண்டு சென்னையில், அரசு வாரியம் ஒன்று இலவசமாகப் பெட்டிக்கடைகளை வழங்கிற்று. வெயிலில் வெந்து மழையில் நனைந்த ஏழைகளுக்கு நிழல்! வரவேற்றோம். ஆனால், அண்ணா சாலையில் அதே தொழில் செய்துவந்த ஆதிதிராவிடர் ஒருவருக்கு அந்த நிழல் மறுக்கப்பட்டது. காரணம், அவர் கிறித்தவர்! வழக்குமன்றம் ஏறினார். 1985இல் உச்சநீதிமன்றம் கைவிரித்தது. மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையாம்! ஊசியும் வாருமாகத் தெருவில் அமர்ந்திருந்த அந்த மனிதனே சான்றாகவில்லையா?

1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியே இதற்கு வேர். இந்து அல்லாதார் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. "கிறித்தவத்தில் சாதி ஏது?" என்பர் சிலர். சீக்கிய நெறி சாதியை ஏற்றதோ? புத்தர் ஏற்றாரோ? ஏட்டில் இல்லாதது நாட்டில் இருக்கிறது என்பதால் அன்றோ அவர்களுக்கு உரிமை வந்தது! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில், செத்த பிறகும் சேரக்கூடாதென்று பிணங்களுக்கிடையே சுவர் எழுப்பியவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. திருச்சபைக்கு இது தலைக்குனிவு. நாம் அதை மறைக்கப் போவதில்லை.

வேடிக்கை ஒன்று கேளுங்கள் தோழர்களே! மூதாதையர் மதத்துக்குத் திரும்பியவரைச் சொந்தச் சாதியார் ஏற்றால், பழைய தகுதி மீளும் என்று 2015இல் அதே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சாதி எங்கே குடியிருந்ததோ!

எனவேதான் ஞாயிறு காலை அந்தோணியாக மண்டியிடுபவர், திங்களன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் முருகனாக நிற்கிறார். எவரும் அவரை அடிக்கவில்லை, ஆலயத்தைப் பூட்டவில்லை. படிவத்தின் ஒரு கட்டமே அவர் வாயை அடைத்துவிட்டது. உண்மையை எழுதினால், தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடமுண்டு. தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவலும் இல்லை. குடிசையைக் கொளுத்த வருபவன் மதம் கேட்டா தீ வைக்கிறான்?

தகுதியை மதத்தோடு பிணைக்க வேண்டாமென்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்தனர். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல் தீர்மானமே நிறைவேற்றியது. இன்னும் என்ன ஆய்வு? 1956இலும் 1990இலும் நாடாளுமன்றம் செய்ததைப் போல, மூன்றாம் பத்தியில் இன்னும் ஒரு சொல்லைச் சேர்க்கட்டும்.