கடனுக்கு ஓடும் குதிரை

கிண்டியில் குதிரை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன, விழுப்புரத்துக்கு? 2024 செப்டம்பர் 9ஆம் தேதி காலை வருவாய்த் துறை அதிகாரிகள் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குச் சீல் வைத்தபோது நம் பக்கத்தில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். திண்டிவனத்திலிருந்து கிண்டிக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ரேஸ் என்பது பட்டணத்துக்காரர்களின் பொழுதுபோக்கு; பணக்காரர்கள் குதிரை வைத்திருப்பார்கள், பணம் இல்லாதவர்கள் அதன்மேல் கட்டித் தோற்பார்கள், நமக்கென்ன என்று விட்டுவிடலாம்.

விட்டுவிட முடியாது என்பதே இந்தத் தலையங்கத்தின் வாதம். கிண்டியில் பூட்டுப் போட்டதால் பந்தயம் ஒழிந்தது என்று யாராவது மேடையில் பேசினால், அதை நம்பாமல் இருக்க வேண்டிய முதல் ஊர் விழுப்புரம்தான்.

முதலில் நிலத்தைப் பற்றி. அரசு செய்தது சரி. சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்தை 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போட ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுக்கும் விவசாயியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், அணா என்ற சொல்லைக் கேட்டே சிரித்துவிடுவார். 1970 முதல் வாடகையை உயர்த்திக் கணக்கிட்டு அரசு கேட்ட பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாய். அதைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதே கிளப்பின் ஊட்டி ரேஸ் கோர்ஸிலும் இதே கதை. அங்கே குத்தகைக் காலம் 1978லேயே முடிந்துவிட்டது. 52 ஏக்கர் சொச்சத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது 2024 ஜூனில். நடுவில் போன 46 ஆண்டுகளில் எத்தனை ஆட்சிகள் வந்து போயின என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். கிளப்பை மட்டும் குறை சொல்வது சுலபம். வாடகையைக் கேட்காமல் இருந்தவர்களும் இந்தக் கணக்கில் பங்காளிகள்தாம்.

கிண்டி நிலத்தில் 118 ஏக்கரைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வேளச்சேரியில் வெள்ளம் தேங்காதிருக்க அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. கிளப் நீதிமன்றம் போனது; அது அவர்கள் உரிமை. மும்பையில் மகாலட்சுமி ரேஸ் கோர்ஸ் விவகாரம் வேறு மாதிரி முடிந்தது. 211 ஏக்கரில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 91 ஏக்கரைப் புதிய குத்தகைக்கு விட்டார்கள். நம் தமிழர்கள் நிறைய பேர் வாழும் சிங்கப்பூரில், 1842இல் தொடங்கிய டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்தது. கிராஞ்சியில் உள்ள அந்த நிலம் வீடு கட்ட அரசுக்குத் திரும்புகிறது. மூடுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே அறிவித்தார்கள். குதிரைகளையும் ஊழியர்களையும் என்ன செய்வது என்று திட்டம் போட அவகாசம் இருந்தது. நம் ஊரில் காலையில் வந்து பூட்டுப் போட்டோம். லாயத்தில் குதிரைக்குக் கொள்ளு வைக்கிறவரும், அதிகாலையில் அதை ஓட்டிப் பழக்குகிறவரும் 614 ரூபாய் வாடகையை நிர்ணயித்தவர்கள் இல்லை. பூங்காவுக்கு வரைபடம் போடுகிறவர்கள் இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும். அய்யனாருக்கு மண் குதிரை செய்து நிறுத்துகிற ஊர்க்காரர்கள் நாம். உயிருள்ள குதிரை ஓடி ஓய்ந்தபின் எங்கே போகிறது என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

இனி பந்தயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974லேயே கலைஞர் ஆட்சி சட்டம் கொண்டுவந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கிளப்பையே அரசுடைமையாக்கச் சட்டம் போட்டது. இரண்டும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பு, குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட ஆட்டமாகாது, திறமை சார்ந்தது என்றது. குதிரையின் வம்சம், அதன் வயது, அது சுமக்கும் எடை, ஜாக்கியின் அனுபவம், இதற்கு முன் ஓடிய ஓட்டங்கள் ஆகியவற்றைப் படித்துக் கணிப்பவன் சீட்டுக் குலுக்கலில் கை விடுபவனைப் போன்றவன் அல்லன் என்பதே அதன் சாரம்.

தீர்ப்போடு சண்டை போட நாம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் திறமை யாருக்கு? பந்தயத்துக்கு முன் குதிரையை வளையத்தில் நடத்திக் காட்டுவார்கள். அது வியர்க்கிறதா, பின்னங்காலை இழுக்கிறதா என்று அங்கே நிற்பவர் பார்க்கலாம். தரையில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கலாம். ஓட்டத்தில் தில்லுமுல்லு நடந்தால் விசாரிக்க ஸ்டூவர்டுகள் இருக்கிறார்கள். குதிரைக்கு மருந்து ஏற்றியிருக்கிறார்களா என்று பரிசோதனை நடக்கிறது. மூக்கு நுனி வித்தியாசத்தைக் காட்டப் படம் எடுக்கிறார்கள். ஒரு லாட்ஜ் அறையிலோ பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலிலோ நின்று செல்போனில் ஒரு பெயரைச் சொல்லிப் பணம் கட்டுகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஓடும் குதிரை அவனுக்கு வெறும் நம்பர். நீதிமன்றம் சொன்ன திறமை ரேஸ் கோர்ஸ் மதில் சுவரோடு நின்றுவிடுகிறது. சுவருக்கு வெளியே அது சூதுதான்.

நாம் பெரிதாக நினைக்கும் வித்தியாசம் வேறொன்று. ரேஸ் கோர்ஸில் பந்தயப் பணம் கட்டும் இடமான டோட் கவுன்டர் ரொக்கம் வாங்கித்தான் சீட்டுக் கொடுக்கும். வின்னு கட்டினாலும் பிளேஸு கட்டினாலும் ஜாக்பாட் கட்டினாலும், எல்லாரும் போட்ட பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, கழிவு போக மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரியும். கையில் இருந்தது தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தவர்கள் உண்டு. அது அன்றோடு முடியும் துன்பம். வெளியே சட்டவிரோதமாகப் பந்தயப் பணம் வாங்கும் திருட்டு புக்கியின் தொழில் வேறு. அவன் விற்பது கடன். இந்த வாரம் தோற்றதை அடுத்த வாரம் ஜெயித்துக் கழித்துக்கொள், கணக்கு பார்த்துக்கொள்ளலாம் என்பான். தோற்றவனுக்கு அதைவிட இனிப்பான பேச்சு இல்லை. கணக்கு வளர்ந்தபின் வட்டிக்காரர் வருவார். பல சமயம் அவரும் அதே ஆள்தான். குதிரை ஓடுவது இரண்டு நிமிடம். கடன் ஓடுவது வருடக்கணக்கில்.

இதை நம் ஊர் வேறு வடிவத்தில் பார்த்துவிட்டது. லாட்டரிச் சீட்டை 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை செய்தது. நாமும் வரவேற்க வேண்டிய தடைதான். தெருமுனைப் பெட்டிக்கடைகளில் தொங்கிய வண்ணச் சீட்டுகள் காணாமல் போயின. பிறகு கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரும் ‘மூன்று நம்பர்’ வந்தது. லாட்டரி அங்கே சட்டப்படி நடக்கிறது, சூது இங்கே அதன் நிழலில் நடக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, அவர் மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே போயிற்று. மூன்று நம்பர் லாட்டரியால் வந்த கடன் என்று அவர் பதிவு செய்த வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. தடை வந்து அப்போது ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த சில நாட்களில் சீட்டு விற்றவர்களைத் தேடிப்பிடித்தார்கள். அந்த வேகம் எத்தனை நாள் தாங்கியது என்பது இன்னும் அவ்வப்போது நாளிதழில் வரும் ‘மூன்று நம்பர் லாட்டரி விற்ற இருவர் கைது’ செய்தியிலிருந்தே தெரிகிறது.

குதிரைப் பந்தயமும் இந்தப் பாதையில்தான் போகும் என்பது நம் அச்சம். கிண்டியில் ஓடாவிட்டால் மைசூரில் ஓடுகிறது. முடிவு நொடியில் கைக்கு வந்துவிடுகிறது. மூன்று நம்பருக்குக் கேரளம் எப்படியோ, ரேஸுக்குக் கர்நாடகம் அப்படி.

மத்திய அரசு வேறொரு பக்கத்திலிருந்து இதே குழியைத் தோண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாலைதான். ஆனால் வரி ஜி.எஸ்.டி., குதிரைப் பந்தயத்தின் மீது கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 100 ரூபாய் கட்ட நினைப்பவர் 40 ரூபாய் வரியைப் பார்க்கிறார். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் வேறு. சூதுக்கு வரி போடுவதில் நமக்கு வருத்தமில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் போடுவதைவிட இது மேல். ஆனால் வரியும் வாங்காமல், ரசீதும் கேட்காமல், கடனும் கொடுக்கும் ஒருவன் எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, சட்டப்படி நடக்கும் கடையில் மட்டும் வரியை ஏற்றினால் கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்க நிதி நிபுணர் வேண்டாம். எதிர்க்கடையை மூடிவிட்டு வரியை ஏற்றியிருந்தால் அது கொள்கை. இப்போது நடப்பது திருட்டு புக்கிக்குக் கொடுக்கும் மானியம்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தமிழ்நாடு 2023 ஏப்ரலில் சட்டம் போட்டுத் தடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் அடங்கிவிடும். அவற்றுக்கு அலுவலகமும் வங்கிக் கணக்கும் உண்டு. ஒரு வாட்ஸ்அப் குழுவும் பினாமி பெயரில் யு.பி.ஐ. எண்ணும் வைத்திருப்பவனுக்கு அலுவலகம் கிடையாது. அவனைப் பிடிக்க நம் காவல் நிலையங்கள் கையில் எடுக்கும் சூதாட்டச் சட்டமோ 1930ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ஓர் அறையில் கூடி உட்கார்ந்து ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். அறையே இல்லாத சூதுக்கு அதை எப்படிப் பொருத்துவது?

முழுக்க அனுமதித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஹாங்காங்கில் லாப நோக்கமற்ற ஒரே கிளப் பந்தயத்தை நடத்தி, வரியும் கட்டி, மருத்துவமனைகளுக்கும் கல்விக்கும் பணம் தருகிறது என்பது அவர்களுடைய உதாரணம். மேற்பார்வை அவ்வளவு கறாராக இருக்கும் சிறு நகரத்தில் அது நடக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மாற்றவே நடையாய் நடக்கும் நாம், மாவட்டந்தோறும் பந்தயக் கடை திறந்து ஒழுங்காக நடத்துவோம் என்று சொன்னால் அது அதிக நம்பிக்கை. திண்டிவனத்தில் ஒரு டோட் கவுன்டர் வர வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளவும் கூடாது.

என்ன செய்யலாம்? பெரிதாகப் பேசப்படாத ஓர் ஆயுதம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கொடு என்று எவனும் யார் மீதும் வழக்குப் போட முடியாது. குதிரைப் பந்தயத்துக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. அது ஓடி ஜெயிக்கும் குதிரைக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசு வைக்கப் பணம் திரட்டுவதற்கு மட்டும். புக்கிக்கு அந்த விலக்கில் இடமில்லை. ஆனால் கடன்பட்டவன் இதை அறியமாட்டான். வாக்குக் கொடுத்துவிட்டோம், மானம் போகும் என்று வீட்டுப் பத்திரத்தையும் தாலிக்கொடியையும் தூக்கிக்கொண்டு போகிறான். புக்கி ஆள் அனுப்பி மிரட்டுவதற்குக் காரணமே அவனால் நீதிமன்றம் போக முடியாது என்பதுதான். மிரட்டினால் அது குற்றம். கந்துவட்டி வாங்கினால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுவும் குற்றம்.

இதை எளிய தமிழில் எழுதி விழுப்புரம் நீதிமன்ற வளாகத்திலும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடை வாசல்களிலும் ஒட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பெரிய செலவு ஆகாது. பந்தயக் கடனில் சிக்கியவர் வந்தால், நீ ஏன் ஆடினாய் என்று முதல் கேள்வி கேட்காத ஒரு மேசை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் வேண்டும். ஆடியதற்காகத் தன்னையே பிடித்துப் போடுவார்களோ என்ற பயத்தில் புகார் கொடுக்காமல் போகிறவர்கள்தாம் புக்கியின் பலம். அவர்களைச் சாட்சிகளாக நடத்த வேண்டும்.

காவல் துறை தேட வேண்டிய ஆளும் மாற வேண்டும். துண்டுச் சீட்டு எழுதித் தருகிறவன் பெரும்பாலும் தானும் ஆடித் தோற்றவன், கமிஷனுக்கு எழுதுகிறான். அவன் கையில் இருக்கும் சில ஆயிரத்தையும் இரண்டு செல்போனையும் பறிமுதல் செய்து படம் எடுத்து அனுப்பினால் ஒரு நாள் செய்தி ஆகும். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, கடன் எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பின்தொடர வங்கிப் பதிவுகள் போதும். முன்பு ரொக்கமாக இருந்தபோது இது முடியாத காரியம். இன்று ஒவ்வொரு பத்து ரூபாயும் தடம் விட்டுப் போகிறது.

614 ரூபாய் வாடகைக்காரரிடம் 730 கோடி கேட்கத் துணிந்த அரசு இதற்கும் துணிய வேண்டும். விழுப்புரம் மாவட்டக் காவல் துறை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பட்டியல் வெளியிடட்டும். எத்தனை பேர் கைது என்ற ஒற்றை எண் வேண்டாம். சீட்டு எழுதியவர்கள் எத்தனை பேர், கடன் கொடுத்து ஆடவைத்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போடட்டும்.